சூடேறியதும் பால்போலக் கலங்கிய குளம்: விடுமுறை விருந்துக்கு முன் நடந்த ஆசிட் வேலை

நேற்று இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, 29 டிகிரியில் நின்ற தண்ணீருக்கு அடியில், ஆழமான பக்கத்து வடிகால் மூடியின் திருகுகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. மூன்று வாரங்களுக்கு முன், ஏறத்தாழ இதே வெப்பநிலையில், இரண்டாவது படிக்கட்டே கண்ணுக்குத் தெரியவில்லை. இடைப்பட்ட நாள்களில் என்ன செய்தேன் என்பதை, எங்களைப் போலப் போர் தண்ணீரை நம்பிக் குளம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோயம்புத்தூரை அடுத்த தொண்டாமுத்தூர் பக்கம் இருக்கிறது. குளம் எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். சராசரி ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 43,000 லிட்டர் பிடிக்கும். ஆடி மாதத்தில், தண்ணீரைச் சூடேற்ற 17 கிலோவாட் ஹீட் பம்ப் பொருத்தினோம். அரையாண்டு விடுமுறைக்கு அக்கா குடும்பமும் மச்சான் குடும்பமுமாகப் பதினான்கு பேர் வருகிற 24ஆம் தேதி வந்து இறங்குகிறார்கள். மூட்டுவலியால் நான்கு ஆண்டுகளாகக் குளத்துப் பக்கமே வராத என் தாயாரும், “சூடா இருந்தா நானும் இறங்கறேன் கண்ணு” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த ஆண்டு வேலையை நவம்பரிலேயே தொடங்கினேன்.

மார்கழி நெருங்கும்போது எங்கள் குளத்துத் தண்ணீர் காலையில் 22 டிகிரிதான் காட்டும். அதை 29க்கு ஏற்ற 350 கிலோவாட்-மணி வெப்பம் வேண்டும். எந்த இழப்பும் இல்லாவிட்டால் எங்கள் ஹீட் பம்புக்கு அது 21 மணி நேர வேலை. நவம்பர் கடைசியில் ஓட்டிப் பார்த்தபோது முப்பது மணி நேரத்தில் 28 டிகிரி வந்தது, ஆனால் கூடவே தண்ணீர் மோர்போல வெளுத்தது. முதலில் சாண்ட் ஃபில்டரைத்தான் சந்தேகித்தேன். மூன்று முறை பேக்வாஷ் செய்தும் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவியும்) மாற்றமில்லை. பிறகு படிகாரம் போட்டு இரவு முழுவதும் தெளிய விட்டு, அடியில் படிந்ததை வாக்யூம் செய்து வெளியே தள்ளினேன். தண்ணீர் தெளிந்தது, ஆனால் மறுபடியும் சூடேற்றியதும் இரண்டே நாளில் பழைய வெண்மை திரும்பி வந்துவிட்டது.

விடை ஒரு கண்ணாடி டம்ளரில் கிடைத்தது. கலங்கிய தண்ணீரை அதில் எடுத்து நான்கு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டேன். கண்ணெதிரே பளிங்குபோலத் தெளிந்தது. பாசியோ மண்ணோ ஆசிட்டில் இப்படிக் கரையாது, சுண்ணாம்புதான் கரையும். அதாவது தண்ணீரில் ஏற்கெனவே நிறைந்து தளும்பிக்கொண்டிருந்த கால்சியம் கார்பனேட், சூடு பட்டதும் பிரிந்து வெளியே வந்திருக்கிறது. சர்க்கரையைப் போலன்றிச் சுண்ணாம்பு, தண்ணீர் சூடாகச் சூடாகக் குறைவாகவே கரையும் என்பது தெரிந்த செய்திதான். இருந்தும் அதைக் குளத்தோடு பொருத்திப் பார்க்க எனக்குப் பத்து நாள் பிடித்தது.

சொட்டு முறையில் அளந்தபோது பி.எச். 8.1, காரத்தன்மை (ஆசிட்டை ஈடுகட்டும் திறன்) 220 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), கால்சியம் கடினத்தன்மை 550 பி.பி.எம். என்று வந்தது. போர் தண்ணீரின் இயல்பு ஒரு பங்கு என்றால், குளத்தைப் பார்த்துக்கொள்ள முன்பு வந்துகொண்டிருந்தவர் வாரந்தோறும் கொட்டிய சாதாரண பிளீச்சிங் பவுடர் மறு பங்கு; அதில் குளோரினோடு சுண்ணாம்பும் சேர்ந்தே குளத்துக்குள் இறங்குகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்கிலியர் 1936இல் வகுத்த குறியீட்டில் இந்த எண்களை இட்டால் 1.3 வருகிறது. சுழியத்தை ஒட்டி இருந்தால் தண்ணீர் சமநிலையில் இருக்கிறது என்று பொருள், 1.3 என்றால் ஹீட் பம்பின் டைட்டானியம் சுருளில் காறை ஏறப்போகிறது என்று பொருள். ஆகவே ஹீட் பம்பை நிறுத்திவிட்டு, தண்ணீரைச் சரிசெய்யும் வரை அதைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கடினத்தன்மையைக் குறைக்க எந்த மருந்தையும் நான் நம்பவில்லை. பழைய தண்ணீரை இறக்கிவிட்டு மென்மையான தண்ணீரை ஏற்றுவதே நேர்வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீர் முழுவதும் எங்கள் சம்பில் சேர்ந்திருந்தது. குளத்திலிருந்து 12,000 லிட்டரைத் தென்னைக்குப் பாய்ச்சாமல் வடிகாலில் விட்டுவிட்டு, அதே அளவு மழைநீரை ஏற்றினேன். கடினத்தன்மை 400க்கும் காரத்தன்மை 160க்கும் இறங்கின.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை ஐந்து நாள் கட்டிப்போட்ட வேலை. காரத்தன்மையை 160இலிருந்து 80க்குக் கொண்டுவர ஆசிட் ஊற்ற வேண்டும். ஆனால் ஆசிட் காரத்தன்மையோடு பி.எச்.சையும் சேர்த்தே கீழே தள்ளும். வேண்டிய அளவு முழுவதையும் ஒரே நாளில் ஊற்றினால் தண்ணீர் அரிக்கும் நிலைக்குப் போய் டைல்ஸ் இணைப்பைத் தின்றுவிடும். சோடா போட்டு பி.எச்.சை ஏற்றினால் காரத்தன்மையும் கூடவே ஏறிவிடும். இரண்டையும் பிரித்தாளும் ஒரே வழி காற்றுதான். ஆசிட் பட்டதும் தண்ணீரில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) உருவாகிறது. தண்ணீரைச் சிதறடித்தால் அந்தக் கரிவளி பறந்துபோகிறது. அது போகப் போக பி.எச். தானே மேலே ஏறுகிறது, காரத்தன்மையோ இறங்கிய இடத்திலேயே நிற்கிறது.

எங்கள் கொள்ளளவுக்கு, 33 சதவீத ஆசிட் 820 மில்லி ஊற்றினால் காரத்தன்மை 10 பி.பி.எம். இறங்கும் என்று கணக்கிட்டேன். ஆகவே மொத்தம் 6.6 லிட்டர், அதை ஐந்து நாளுக்குப் பிரித்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு, ஹீட் பம்புக்குத் தண்ணீர் போகாதபடி பைபாஸைத் திருப்பிவிட்டு, வாளியில் முதலில் குளத்துத் தண்ணீரை நிரப்பி அதற்குள் 1.3 லிட்டர் ஆசிட்டை விட்டு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் திரும்பி வரும் துவாரங்களின் எதிரே மெல்ல ஊற்றினேன். ஆசிட் கேனும் குளோரினும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால் கேனை மாட்டுக் கொட்டகையின் மறுகோடியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

அரை மணி நேரம் கழித்து அளந்தால் பி.எச். 7.2 வரும். பிறகு சிதறடிப்பு. இதற்கு ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் மூன்று மீட்டர் எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் துளைகளை இரு வரிசையாகப் போட்டு, ஒரு முனையை மூடி, மறு முனையை அரைக் குதிரைச் சக்தி சப்மெர்சிபிள் மோட்டாரோடு இணைத்துக் குளத்தின் குறுக்கே வைத்தேன். துளை மூன்று மில்லிமீட்டரானால் தண்ணீர் தடித்த தாரையாக விழுகிறது, சிதறுவதில்லை. இந்தச் சின்ன வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு குழாயை வீணாக்கினேன். முதல் நாள் ஐந்து மணி நேரத்தில் பி.எச். 7.8ஐத் தொட்டது. காரத்தன்மை 100க்குக் கீழே வந்த பிறகு அதே ஏற்றத்துக்கு ஒரு பகல் முழுவதும் போதவில்லை. முதலில் மோட்டாரில் ஏதோ பழுது என்று கவலைப்பட்டேன். பிறகுதான் நான் வேண்டி நின்றதே இதைத்தான் என்று புரிந்தது. காரத்தன்மை குறைந்த தண்ணீரில் பி.எச். மெதுவாகத்தான் ஏறும், ஆகவே விருந்தினர் இருக்கும் நாள்களில் நான் தினமும் ஆசிட் கேனைத் தேடி ஓட வேண்டியதில்லை.

ஆசிட் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. கழிப்பறை கழுவ விற்கும் மஞ்சள் நிற ஆசிட்டின் வலிமை புட்டிக்குப் புட்டி மாறும். அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பு, அது வெள்ளை டைல்ஸில் கறையாக இறங்கும். நிறமற்ற, வலிமை அச்சிட்ட கேனை ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் வாங்கினேன். விலை கூடுதல், ஆனால் கணக்கு பொய்க்கவில்லை. பட்டை நனைத்துப் பார்க்கும் சோதனைத் தாள்களையும் கைவிட்டுவிட்டேன். ஒரே தண்ணீருக்கு 120 என்றும் 180 என்றும் காட்டும் தாளை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

பதின்மூன்றாம் தேதி அளந்தபோது பி.எச். 7.4, காரத்தன்மை 80, கடினத்தன்மை 400. 29 டிகிரிக்குக் கணக்கிட்டாலும் குறியீடு சுழியம்தான் வந்தது. 15ஆம் தேதி காலை ஹீட் பம்பை ஓட்டினேன். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் இரண்டு டிகிரி வேறுபாடு வரும் வரை பைபாஸ் வால்வைத் திருகினேன். எங்கள் பம்புக்கு அது மணிக்குச் சுமார் 7,000 லிட்டர் ஓட்டம். இம்முறை 28 மணி நேரத்தில் 29 டிகிரி வந்தது. மீட்டரில் 95 யூனிட்.

நேரம் குறைந்ததற்குக் காரணம், தண்ணீர்மேல் விரித்து மூடும் 500 மைக்ரான் பிளாஸ்டிக் குமிழி விரிப்பு. நவம்பரில் திறந்து கிடந்த குளத்தில் ஓர் இரவில் நான்கு மில்லிமீட்டர் தண்ணீர் குறைந்தது. படிக்கட்டில் வைத்த வாளியிலும் அதே அளவு குறைந்திருந்ததால் கசிவில்லை என்று உறுதியானது. நான்கு மில்லிமீட்டர் என்றால் எங்கள் குளத்தில் 128 லிட்டர்; அது ஆவியாகும்போது ஒன்றரை டிகிரிக்கும் மேலான சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. இப்போது குமிழ்ப் பக்கம் தண்ணீரில் படியும்படி விரித்து மூடினால் விடிவதற்குள் அரை டிகிரிதான் இறங்குகிறது. விரிப்பை அனுப்பிய கடை, நான் எழுதிக் கொடுத்த அளவில் ஒரு சாண் குறைத்து வெட்டி அனுப்பிவிட்டது. கேட்டதற்கு, தண்ணீர் பட்டால் விரியும் என்றார்கள். விரியவில்லை. அந்த இடைவெளிக்குத் தனித் துண்டு வாங்க வேண்டும். பொங்கலுக்குள் இதைச் சுருட்டி வைக்க ஓர் உருளையும் செய்துவிட விரும்புகிறேன். இரண்டு பேர் இல்லாமல் இப்போது இதை மடிக்க முடிவதில்லை. பட்டறையில் துருப்பிடிக்காத குழாய்க்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன்.

இன்னும் மூன்று வேலைகள் பாக்கி. பிளீச்சிங் பவுடரை நிறுத்தி ஹைப்போவுக்கு (திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு) மாறிவிட்டதால், பதினான்கு பேர் இறங்கும் நாளில் குளோரினை 3 பி.பி.எம்.மில் நிறுத்த எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சோதிக்க வேண்டும். தண்ணீருக்குள் எரியும் 12 வோல்ட் விளக்குகளின் இணைப்பையும், மோட்டார் அறையின் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்சையும் மின்பணியாளர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார். மூன்றாவது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயும் சீயக்காயும் ஃபில்டர் மணலில் ஒட்டினால் பேக்வாஷில் எளிதில் போகாது. ஆகவே எண்ணெய் தேய்த்தவர்கள் அன்று குளத்தில் இறங்க வேண்டாம் என்று அக்காவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். தாயாருக்காக ஆழமற்ற பக்கத்துப் படியில் கைப்பிடி பொருத்த இன்று மாலை ஆள் வருகிறார். அதற்குத் தண்ணீரை ஒரு படி இறக்க வேண்டியிருப்பதால் ஹீட் பம்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். சம்பில் மிச்சமிருக்கும் மழைநீர் திரும்ப நிரப்பப் போதும்.