குச்சியும் பிரஷும்: இரண்டு விதமாகவும் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்த கதை

கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி வந்த கடிதத்தை இரண்டு தடவை மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன். பிரசவத்துக்கு அப்புறம் ஊரில் ஒருமுறை பாப் ஸ்மியர் எடுத்தார்கள், அதாவது கருப்பைவாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட். யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான அந்த ஸ்பெக்குலத்தின் சில்லிப்பும் வலியும் இன்னும் மறக்கவில்லை.

போன வருஷம் இங்கே சிட்னியில் இருமலுக்கு மருந்து வாங்கப் போனபோது, "கருப்பைவாய் டெஸ்டுக்கு மாதிரியை நீங்களே எடுத்துக்கொள்ளலாமே" என்றார் டாக்டர். ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பரிலேயே பாப் ஸ்மியர் போய், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் வந்துவிட்டது. 25 வயதிலிருந்து 74 வரை, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. 2022 ஜூலையிலிருந்து மாதிரியைத் தானே எடுக்கும் வழி எல்லாருக்கும் உண்டு. எனக்கு இது எதுவுமே தெரியாது. மாதவிலக்குக்கு இடையில் ரத்தம் படுகிறதா, உறவுக்குப் பின் ரத்தம் வருகிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டார். அப்படி ஏதாவது இருந்தால் டாக்டர்தான் பார்த்து எடுக்க வேண்டுமாம்.

சிவப்பு மூடி போட்ட குழாய், உள்ளே மெல்லிய குச்சி. திரைக்குப் பின்னால் போய், சில சென்டிமீட்டர் உள்ளே விட்டு, இருபது முப்பது விநாடி மெதுவாகச் சுழற்றினேன். வலி துளிகூட இல்லை.

முடிவு வந்தது: எச்பிவி இருக்கிறது, ஆனால் 16, 18 வகை இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு அந்த இரண்டும்தான் காரணம். இருந்தாலும் கை நடுங்கியது.

நானே எடுத்த மாதிரி தப்போ என்று கேட்டேன். இல்லையாம். வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் பார்த்தால், வைரஸைக் கண்டுபிடிப்பதில் அதுவும் டாக்டர் எடுப்பதற்கு ஏறக்குறைய சமம். ஆனால் குச்சி தொடுவது யோனிச் சுவரைத்தான். செல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கக் கருப்பைவாயிலிருந்தே எடுக்க வேண்டும். முதலிலேயே டாக்டர் எடுத்திருந்தால் அந்த ஒரே மாதிரியில் இரண்டையும் பார்த்திருப்பார்கள்.

பயந்துகொண்டேதான் மறுபடி போனேன். சின்ன ஸ்பெக்குலமாக எடுத்து, வெந்நீரில் காட்டி, "வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்" என்றார். பிரஷைச் சுழற்றி, திரவம் இருந்த குப்பியில் அலசினார். கொஞ்சம் அழுத்தம் தெரிந்தது, அவ்வளவுதான். செல்களில் மாற்றம் இல்லை. 12 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட்.

ஸ்பெக்குலத்துக்குப் பயமில்லாதவர்கள் டாக்டரிடமே கொடுங்கள், ஒரு நடை மிச்சம். ஆனால் அந்தக் குச்சி இல்லையென்றால் நான் போயே இருக்க மாட்டேன். பக்கத்துத் தெரு அக்காவும் கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை. சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.