டஸ்டர் அழித்த ஐவர்

நம் பள்ளியின் கிரிக்கெட் ஆட்டங்களையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி எழுத நம்மில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு நினைவில் நிற்பது ஒரு வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடம்.

இங்கிலாந்து மன்னனின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த சாசனமான மாக்னா கார்ட்டாவைப் பாடநூல் நான்கு வரிகளில் முடித்திருந்தது. வரலாற்று மாஸ்டருக்கு அது போதவில்லை. "ஜோன் மன்னன் கையொப்பமிட்டான் என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பேன். அவன் முத்திரைதான் பதித்தான். அதே 1215 ஆகஸ்டில் பாப்பரசர் அது செல்லாது என்றுவிட்டார். பிறகு அதற்கு உயிர் கொடுத்தவர் யார்?" என்று கேட்டார். எவருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் 'வில்லியம் மார்ஷல்' என்று எழுதினார். பரீட்சைக்கு வராத பெயர் என்று தெரிந்ததும் பின்வரிசை பைகளை அடுக்கத் தொடங்கியது.

ஆனால் அவர் கதையைச் சிறுவனிலிருந்து ஆரம்பித்தார். 1152இல் ஸ்டீபன் மன்னன் வில்லியமின் தந்தை வசமிருந்த நியூபெரிக் கோட்டையை முற்றுகையிட்டபோது வில்லியமுக்கு ஐந்தாறு வயது. தந்தை அவனைப் பணயமாகக் கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டு வாக்கையும் மீறினார். பையனைத் தூக்கிலிடுவோம் என்றதற்கு, "இவனைவிட நல்ல பிள்ளைகளை அடித்துருவாக்கச் சம்மட்டியும் பட்டடையும் என்னிடம் இருக்கின்றன" என்றாராம் அந்தத் தகப்பன். மன்னனுக்கு மனம் வரவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்து, புல்தண்டுகளைப் போர்வீரர்களாக்கிப் பையனோடு விளையாடினான். பைகள் மெல்லக் கீழே இறங்கின.

மார்ஷல் நான்காவது மகன். சொத்து எதுவும் வரப்போவதில்லை. பிரான்சில் குதிரை வீரர்கள் போட்டிக்காக மோதும் பந்தயப் போர்களில் எதிரணி வீரர்களைச் சிறைபிடித்து, அவர்களை மீட்கக் கொடுக்கும் பணத்திலும் குதிரைகளிலும்தான் பிழைத்தார். ஒருநாள் பரிசு கொடுக்கத் தேடினால் ஆளையே காணோம். கொல்லன் பட்டறையில் தலையைப் பட்டடைமேல் வைத்துக் குனிந்திருந்தார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலவில்லை. கொல்லன் தட்டித் தட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தான். பரிசு ஒரு பெரிய மீன்! தகப்பன் சொன்ன சம்மட்டியும் பட்டடையும் மகனின் தலைக்கே வந்துசேர்ந்தன என்று மாஸ்டர் மேசையை டஸ்டரால் தட்டினார். சுண்ணக்கட்டித் தூள் பறந்தது.

நிலம் வந்தது கல்யாணத்தால். 1189இல், நாற்பதைக் கடந்த வயதில், இருபதுகூட ஆகாத இசபெல் டி கிளேரை மணந்தார். அவள் ஸ்ட்ராங்போ என்ற பிரபுவின் மகள், அயர்லாந்தின் லெய்ன்ஸ்டர் அரசனுடைய பேத்தி. வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ, கடல் தாண்டி லெய்ன்ஸ்டர், நோர்மண்டியிலும் பங்கு, பின்னர் பெம்புரோக் பிரபு என்ற பட்டம். அதுவரை ஜோனின் கையிலிருந்த நோர்மண்டி 1204இல் பிரெஞ்சு மன்னனிடம் போனபோது, அங்கிருந்த நிலத்துக்காக அவனுக்கும் பணிந்துகொண்டார். ஜோனுக்கு ஆத்திரம். மூத்த மகன்கள் இருவரையும் பணயமாகக் கேட்டான், மார்ஷல் கொடுத்தார். பணயப் பிள்ளையாக இருந்தவர் தாமே பிள்ளைகளைப் பணயம் வைத்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. மாஸ்டர் மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

1216இல் ஜோன் இறந்தபோது வாரிசுக்கு ஒன்பது வயது. எழுபதை நெருங்கிய மார்ஷல் அரசுப் பொறுப்பாளராகி மாக்னா கார்ட்டாவைத் திருத்தித் தம் முத்திரையுடன் மீண்டும் வெளியிட்டார். அடுத்த மே மாதம் லிங்கன் நகரில், படையெடுத்து வந்திருந்த பிரெஞ்சுப் படையை எதிர்க்கும் அவசரத்தில் தலைக்கவசம் இல்லாமலே குதிரையைக் கிளப்பினாராம். ஒரு சிறுவன்தான் நினைவூட்டினான்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் வம்சம் வரைந்தார்: ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். கடைக்குட்டியின் பெயர் ஜோன். தமிழில் எழுதினால் மன்னனும் ஜோன், மகளும் ஜோன், வகுப்பே சிரித்தது. பிறகு டஸ்டரை எடுத்து, இறந்த ஆண்டைச் சொல்லிச் சொல்லி மகன்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தார். வில்லியம், 1231. ரிச்சர்ட், 1234. கில்பர்ட், 1241, அதுவும் தகப்பன் கொடிகட்டிப் பறந்த அதே வகைப் பந்தயப் போர் ஒன்றில். வோல்டரும் அன்செல்மும் 1245இல், ஒரு மாத இடைவெளியில். ஒருவருக்கும் முறையான வாரிசு இல்லை. ஓர் அயர்லாந்து ஆயரின் சாபம் என்று அக்காலத்தில் பேசிக்கொண்டார்களாம். மாஸ்டர் அதைச் சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

நிலமெல்லாம் மகள்கள் வழியே பிரிந்தது. இரண்டாவது மகள் இசபெலின் வம்சக் கோட்டினைக் கீழே இழுத்துக்கொண்டே வந்தார், பலகை முடிந்துவிட்டது. மரச்சட்டத்தில் எழுதினார்: 'ரொபர்ட் புரூஸ்'. கீழ் வகுப்பில் படித்த சிலந்திக் கதையின் அதே ஸ்கொட்லாந்து மன்னன் ரொபர்ட் புரூஸ்!

லண்டனுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து டெம்பிள் தேவாலயத்துக்குப் போனேன். மார்ஷலுடையது என்று காட்டப்படும் கற்சிலை தரையில் படுத்திருக்கிறது. 1941 குண்டுவீச்சின் தீ அங்கிருந்த சிலைகளைச் சிதைத்துவிட்டது. மூத்த மகனும் கில்பர்ட்டும்கூட அதே தேவாலயத்தில்தான் அடக்கமாம்.

மாஸ்டர் சொல்லாத ஒன்றைப் பின்னர் படித்தேன். 1219இல், கேவர்ஷாமில் மரணப் படுக்கையில் கிடந்த மார்ஷலுக்குப் பாட்டுக் கேட்க ஆசை வந்தது. மகள்களை அழைத்தார்கள். மூத்தவள் பாடினாள். அடுத்து ஜோன் வெட்கத்தோடு முணுமுணுத்தாள். "கூச்சப்பட்டால் பாட்டு நன்றாக வராது" என்று சொல்லி, எப்படிப் பாட வேண்டும் என்று கிழவர் சொல்லிக்கொடுத்தாராம். நாங்கள் சிரித்த அதே ஜோன்.