மார்கழி வந்தா எங்க வீட்ல பிதுக்கு பருப்புதான்

வண்ணாரப்பேட்டை மார்க்கெட்ல பச்சை மொச்சை குவிய ஆரம்பிச்சாச்சு, இந்த மாசம் முழுக்க வீட்ல கவிச்சி கிடையாது, ஆனா அது ஒரு குறையாவே தெரியாது, ஏன்னா பொங்கல் தாண்டி கொஞ்ச நாள் வரைக்கும்தான் இந்த மொச்சை நல்லா கெடைக்கும். 4 பேருக்கு 1 கிலோ காயாவது வாங்குங்க, தோல்லயே பாதி போயிடும். உரிச்ச கொட்டைய ராத்திரியே தண்ணில போட்டுட்டா காலைல ரெண்டு விரலால பிதுக்குனா பருப்பு வழுக்கிட்டு வெளிய வந்துடும், வேலை அதிகம்தான், வீட்ல எல்லாரும் உக்காந்து செஞ்சா சீக்கிரம் முடிஞ்சிடும்.

வெங்காயம் தக்காளி வதக்கி, இஞ்சி பூண்டு, மொளகா தூள் போட்டு பருப்ப சேத்துடுங்க. குக்கர் வேணாங்க ப்ளீஸ், கொழஞ்சி போயிடும், சட்டிலயே மூடி வெச்சா போதும். பருப்பு வெந்தப்புறம் தேங்கா, சோம்பு, கசகசா அரைச்சி ஊத்தி ஒரு கொதி. இட்லிக்கு நல்லாருக்கும், பூரிக்கு இன்னும் சூப்பர்.

சௌகார்பேட்டை பக்கம் போனா செவப்பு டெல்லி கேரட்டும் பச்சை பட்டாணியும் கெடைக்கும், அதுவும் இப்பத்தான் சீசன். அந்த கேரட்டுல அல்வா பண்ணுங்க, சக்கரை கம்மியாவே போதும்.