அவசரகால விவாதங்களை ஹன்சாட்டில் வாசித்து முடித்தேன்

இலங்கைப் பாராளுமன்றத்தில் அவசரகாலச் சட்டம் பற்றி நடந்த விவாதங்களை ஹன்சாட்டில், அதாவது சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வ பதிவில், முழுதாக வாசிக்க விரும்புகிற பலர், எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது என்று தெரியாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நான் சட்டம் படித்தவள் அல்ல. எங்கள் வாசகர் வட்டத்துக்காக, 1958 தொடக்கம் 2011 வரை ‘சட்டமும் ஒழுங்கும்’ என்ற பெயரில் இந்த நாட்டின் சபை என்ன பேசியது என்பதைத் தமிழில் சுருக்கித் தருவதாக ஏற்றுக்கொண்டேன். சுருக்கம் எழுதி முடித்தாயிற்று. நான் போன வழியையும் எழுதிவைத்தால் அடுத்தவருக்கு உதவும்.

பேச்சுகளுக்குள் போவதற்கு முன்னால் சட்டத்தை வாசியுங்கள். எல்லாவற்றுக்கும் அடி, 1947 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டில், பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டிருந்த நேரத்தில் வந்தது. 1978 அரசியலமைப்பின் 155 ஆவது உறுப்புரையின்படி ஜனாதிபதி செய்யும் அவசரகாலப் பிரகடனம் ஒரு மாதம்தான் செல்லும். பதினான்கு நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அதற்கு முன்பே காலாவதியாகிவிடும். மாதாமாதம் விவாதம் வந்தது இதனால்தான். தேடுகிறவருக்கு இது பெரிய உதவி. அதிவிசேட வர்த்தமானியில் பிரகடனத்தின் திகதியைப் பிடித்தால், அடுத்த இரண்டு வாரத்துக்குள் விவாதம் எங்கோ இருக்கும்.

ஆரம்பத்தில் அரசியலமைப்பில் இன்னொரு தடையும் இருந்தது. அவசரகால நிலை தொடர்ந்து தொண்ணூறு நாளைத் தாண்டினால், அதை நீடிக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். 1986 இல் பத்தாவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு சாதாரணப் பெரும்பான்மை உள்ள எந்த அரசாங்கமும் எத்தனை மாதமானாலும் நீடித்துக்கொண்டு போகலாம். போகவும் செய்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் வாசித்தால் விவாதமே விளங்காது. சபை வாக்களிப்பது பிரகடனத்துக்கு. கைது செய்வது, தடுத்து வைப்பது, ஊரடங்கு, தணிக்கை எல்லாம் இருப்பது ஒழுங்குவிதிகளில். ஒழுங்குவிதிகளை ஜனாதிபதி வர்த்தமானியில் வெளியிட்டால் அவை அமுலுக்கு வந்துவிடும். மாற்றவோ நீக்கவோ சபைக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்குத் தனியாக ஒரு தீர்மானம் கொண்டுவந்து பெரும்பான்மையைக் காட்ட வேண்டும். அதனால் பிரேரணை சில வரிகளில் முடிந்துவிடுகிறது, ஒழுங்குவிதிகளோ பக்கம் பக்கமாகப் போகின்றன. உறுப்பினர்கள் பலர் அந்தப் பக்கங்களைத் தொடாமலே பேசி உட்கார்ந்துவிடுகிறார்கள். யார் ஒழுங்குவிதியின் இலக்கத்தைச் சொல்லிப் பேசுகிறாரோ அவருடைய பேச்சை முழுதாக வாசியுங்கள். மற்றவற்றை வேகமாகப் புரட்டினாலும் அதிகம் தவறாது.

அண்மைய ஆண்டுகளின் ஹன்சாட் பாராளுமன்ற இணையதளத்தில் திகதிவாரியாகக் கிடைக்கும். பழையதற்குக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம், பெரிய நூலகங்கள் என்று போய் கட்டுப்போட்ட தொகுதிகளைக் கேட்க வேண்டும். இணையத்தில் இருக்கும் பழைய கோப்புகள் பலவற்றில் தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றும் வராது, பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும். ‘பிழை திருத்தப்படாதது’ என்று அட்டையில் இருந்தால், திருத்திய பிரதியும் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

பக்கத்துக்குள் வந்தால் சில அடையாளங்கள் பழக வேண்டும். ‘இடையீடு’ என்று அடைப்புக்குள் வருவது ஒருவர் குறுக்கிட்டதைக் காட்டுகிறது. என்ன சொன்னார் என்பது பெரும்பாலும் இருக்காது. ஆனால் அடுத்து எழும் கோபத்தை வைத்து ஊகிக்கலாம். அக்கிராசனத்தின், அதாவது சபைக்குத் தலைமை தாங்குபவரின், கட்டளைப்படி அகற்றப்பட்டது என்ற குறிப்பும் வரும். எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது நட்சத்திரக் குறி. ஓர் உறுப்பினர் காணாமற்போனவர்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டி “இதைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்” என்கிறார். பக்கத்தின் அடியில் ‘நூல்நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். பட்டியல் ஹன்சாட்டில் அச்சாகவில்லை. சபாநாயகர் நேரத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பார், எல்லாப் பெயரையும் வாசிக்க உறுப்பினருக்கு அவகாசம் இருக்காது. அதனால் வாசிக்கப்பட்ட சில பெயர்கள் ஹன்சாட்டில் நிலைத்தன, வாசிக்கப்படாதவை ஒரு நூல்நிலையக் கோவைக்குள் போயின. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். திகதியையும் ஹன்சாட் பக்கத்தில் உள்ள பத்தி (column) இலக்கத்தையும் சரியாகக் குறித்துக்கொண்டு கேட்பது நல்லது.

அடுத்தது மொழி. ஹன்சாட்டில் யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகிறது. 1958 தொகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலம். 2005 க்குப் பிந்தியவை பெரும்பாலும் சிங்களம், இடையிடையே தமிழ். தமிழ்ப் பேச்சுகளை மட்டும் வாசித்துவிட்டு எழுந்தால் பாதிச் சபையைத்தான் பார்த்திருப்பீர்கள். எனக்குச் சிங்களம் மெதுவாகத்தான் வாசிக்க வரும். அனுராதபுரப் பக்கத்து அக்கா ஒருவர், முன்பு என்னோடு வேலை பார்த்தவர், சேர்ந்து வாசிக்க ஒத்துக்கொண்டார். அவர் சிங்களப் பக்கத்தை வாசித்துச் சொல்வார், நான் தமிழ்ப் பக்கத்தை அவருக்கு வாசித்துச் சொல்வேன். இந்த வேலையில் நான் செய்த மிகச் சரியான ஏற்பாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

1958 இல் தொடங்கினோம். மே 22 ஆம் திகதி அளவில் பொலன்னறுவையில் தொடங்கிய வன்முறை நாடெங்கும் பரவியது. அவசரகால நிலை பிரகடனமானது மே 27 ஆம் திகதி. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டு அதன் தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள். இடைப்பட்ட அந்த நாட்களில் அரசாங்கம் ஏன் கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஜூன் மாதப் பக்கங்களை வாசியுங்கள். பிந்திய எல்லா விவாதங்களிலும் அது திரும்பத் திரும்ப வரும், ஊரும் ஆண்டும் மட்டும் மாறும்.

1977 தான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 இல் 140 ஆசனம். 18 ஆசனம் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி பிரதான எதிர்க்கட்சி, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். ஒரு மாதத்துக்குள் கலவரம். ஆகஸ்ட் 18 ஆம் திகதி சபையில் பிரதமர் ஜே.ஆர். ஜயவர்தன பேசியதிலிருந்து வந்த ‘போர் என்றால் போர், சமாதானம் என்றால் சமாதானம்’ என்ற வசனத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஹன்சாட்டில் அது அத்தோடு முடியவில்லை. இதைச் சொல்வது நான் அல்ல, மக்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்ற பொருளில் தொடர்ந்து சொல்கிறார். அக்கா அந்த இடத்தில், “பார்த்தாயா நங்கி (தங்கை), அவர் தன்னுடைய கருத்தாகச் சொல்லவில்லையே” என்றார். நான் வேறு விதமாக நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பொலிசும் படையும் கையில் உள்ள ஒருவர், வீடுகள் எரிந்துகொண்டிருக்கும்போது, கூட்டத்தின் வாய்ச்சொல்லை எடுத்துச் சபையில் வைத்தால், அது கூட்டத்தின் சொல்லாக மட்டும் நிற்காது. நெடுநேரம் பேசினோம். கடைசியில் அக்கா, “பேச்சு முழுவதையும் சுருக்கத்தில் போடு, வாசிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும்” என்றார். அப்படியே செய்தேன்.

1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வருகிறது, 48 ஆம் இலக்கம். பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு என்று வந்ததை 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். நீதிமன்றத்தில் நிறுத்தாமல் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கலாம், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்கலாம் என்ற ஏற்பாடுகள் இதில் வந்தன. அவசரகால விவாதங்களை மட்டும் வாசிக்கிறவர் இதைத் தவறவிட்டுவிடுவார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1983 கலவரத்துக்குப் பின், ஆகஸ்டில் ஆறாவது திருத்தம். தனிநாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதில்லை என்று சத்தியப்பிரமாணம் செய்யச் சொன்னார்கள். கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள், ஆசனங்கள் பறிபோயின. அதன்பின் 1989 வரை வரும் தொகுதிகளைப் புரட்டும்போது மனம் கனக்கிறது. சபை முழுக்க வடக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். வடக்கு மக்கள் 1977 இல் தெரிவுசெய்தவர்கள் அங்கே இல்லை.

2005 ஆகஸ்டில் வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டதும் அவசரகால நிலை மீண்டும் வந்தது. போர் முடிந்த பிறகும் 2011 ஆகஸ்ட் வரை நீடித்தது. இந்த ஆண்டுகளின் விவாதங்களுக்கு ஏறக்குறைய ஒரே வடிவம்தான். பிரதமர் பிரேரணையைக் கொண்டுவந்து அந்த மாத நிலைமையைச் சொல்வார். போர் நடந்த காலத்தில் பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க, கொல்லப்பட்ட, காயமடைந்த படையினரின் எண்ணிக்கையைச் சபைக்கு அறிவிப்பார். பிறகு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர் எழும்பி, கடத்தப்பட்டவர், சுடப்பட்டவர், எறிகணையில் இறந்தவர் என்று ஊரும் பெயருமாகச் சொல்வார்.

அக்காவின் தம்பி இராணுவத்தில் இருந்தவர். பிரதமரின் எண்ணிக்கை வரும் இடத்தில் அக்காவின் குரல் இறங்கிவிடும். “இந்த எண்ணைக் கேட்கத்தான் அம்மா வானொலிக்குப் பக்கத்திலேயே இருப்பார்” என்றார் ஒருமுறை. அடுத்ததாக நான் தமிழ்ப் பக்கத்தில் இருந்த பெயர்களை வாசித்தேன். முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “இதற்கு யார் பதில் சொன்னது?” பக்கத்தைப் புரட்டினோம். அடுத்த பேச்சாளர் தன் தொகுதி வீதியைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்தவர் புலிகளைக் கண்டித்தார். பதில் எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து கொப்பியில் கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதத் தொடங்கினேன். ஒன்றில் சபையில் சொல்லப்பட்ட இழப்பு, யார் சொன்னாலும் சரி. மற்றதில் அதற்கு அதே நாளில் அல்லது அடுத்த மாதத்தில் கிடைத்த பதில். இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கத்தில் படையினரின் குடும்பங்களுக்கு இரங்கலும் நன்றியும் இருந்தன. கடத்தப்பட்ட பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பேச்சைச் சுருக்குவதை விட இப்படிப் பதிவது பயன்படும் என்பது என் உறுதியான கருத்து. வாக்கெடுப்பின் முடிவு பெரும்பாலும் முதலே தெரிந்ததுதான். அதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டாம்.

இதே ஆண்டுகளில் அனுதாபப் பிரேரணைகளையும் தேடி வாசியுங்கள். கூட்டமைப்பு உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 டிசம்பர் 25 ஆம் திகதி மட்டக்களப்பில் தேவாலயத்துக்குள் கொல்லப்பட்டார். சிங்களத்திலேயே வாதாடக்கூடிய நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 ஆம் திகதி கொழும்பில். கி. சிவநேசன் 2008 மார்ச்சில், கொழும்பிலிருந்து வன்னிக்குத் திரும்பும் வழியில். அடுத்த மாதம், தமிழிலும் சிங்களத்திலும் சரளமாகப் பேசும் அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். இரண்டு பக்கமும் மற்ற மொழியில் பேசத் தெரிந்தவர்களை இந்தச் சபை இழந்துகொண்டே போயிருக்கிறது. அவர்களது முந்திய பேச்சுகளைத் திரும்ப எடுத்து வாசித்தபோது நாங்கள் இருவருமே அழுதோம்.

2011 ஆகஸ்ட் 25 ஆம் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சபைக்கு வந்து அவசரகால நிலை இனி நீடிக்கப்படாது என்று அறிவித்தார். என் சுருக்கம் அங்கே முடிகிறது. ஆனால் சில நாட்களிலேயே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்ததையும் அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். அதற்கு மாதாந்த விவாதம் தேவையில்லை. ஆக, சபையில் ஊர்ப் பெயர்களைச் சொல்வதற்கு இருந்த அந்த நாளும் போய்விட்டது.

இப்போது 2022 ஜூலை 27 ஆம் திகதி விவாதத்தை எடுத்திருக்கிறோம். அவசரகாலப் பிரகடனத்துக்கு 120 பேர் ஆதரவாகவும் 63 பேர் எதிராகவும் வாக்களித்த நாள். இம்முறை ஒழுங்குவிதிகள் பாய்ந்தது கொழும்புப் போராட்டக்காரர்கள் மீது. தெற்கின் உறுப்பினர்கள் கைதுகளைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். அதே கொப்பியில், அதே இரண்டு பத்தியில் எழுதுகிறோம். அதோடு, தடுப்புக் காலத்தைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்த அந்த ஆண்டு மார்ச் மாதப் பயங்கரவாதத் தடைத் திருத்தச் சட்ட விவாதமும் வேண்டும். சிங்களப் பக்கங்களை அக்கா வாசிக்கத் தொடங்கிவிட்டார். தமிழ்ப் பேச்சுகளைத் தட்டெழுதிக் கொடுக்க நேரமுள்ளவர்கள் இருந்தால் சேர்ந்துகொள்ளலாம்.