குழந்தைப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல்: பதியும் முன் கவனிக்க

காவ்யாவுக்குக் கடைசியில் இரட்டை ஏ, ஹரிணிக்கு நடுவில் கூடுதல் ஹெச். பெரும்பாலும் எண் கணித (நியூமராலஜி) கூட்டுத்தொகைக்காகத்தான், அதில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒரு ஏ சேர்த்தால் 1 கூடும், ஹெச் சேர்த்தால் 5. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் அந்த எழுத்து எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அவசரப்பட்டுப் பெயர் கொடுக்கத் தேவையே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பெயரில்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை. அந்த அவகாசத்தில் எண் கணிதம் பார்ப்பவர்கள் பார்த்து முடித்துவிடுங்கள். பதிவானபின் திருத்தம் என்பது பிழையான பதிவுக்குத்தான். அதிர்ஷ்டத்துக்காக எழுத்துக் கூட்ட அல்ல.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அதை இதில் வீணாக்காதீர்கள்.

படிவத்தில் தனித்தனிப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கணினியில் ஏற்றியதும் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள். யு, வி குழப்பமும் விட்டுப்போன இரட்டை எழுத்தும் அங்கேதான் நடக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, அப்பா அல்லது அம்மா பெயரை முழுதாக எழுத வேண்டும். அவர்கள் பெயரும் அவர்களுடைய ஆவணத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

கயல்விழியில் 'ழ'வுக்கு வரும் 'இசட் ஹெச்'சைத் தாராளமாக வைக்கலாம். வெளியூரில் தப்பாக உச்சரிப்பார்கள், ஆவணத்தில் சிக்கல் வராது.