ஒரு சொட்டும் சிந்தாது

கடைக்குப் புதிதாக வரும் எந்தப் பாத்திரத்தையும் எங்கள் வீட்டுக்காரர் விட்டுவைத்ததில்லை; முன்பு வாங்கிய சப்பாத்தி மெஷின் கதையைக் கிளற எனக்குத் தெம்பில்லை. இம்முறை வந்து சேர்ந்தது, நீண்ட மூக்கு வைத்த எவர்சில்வர் ஆயில் கேன். அதன் வயிற்றில் 'ஒரு சொட்டும் சிந்தாது' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

நேற்றுக் காலை பெரியப்பா இட்லி சாப்பிட வந்திருந்தார். பத்தரை மணிக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும் என்பதால், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். பொடியின் நடுவே விரலால் குழி பறித்துவிட்டு அவர் காத்திருக்க, எங்கள் வீட்டுக்காரர் அபிஷேகம் செய்யும் குருக்களின் பக்தியோடு கேனை மெல்ல மெல்லச் சாய்த்தார். நல்லெண்ணெய் மூக்கின் நுனிவரை ஒழுங்காக வந்தது. அங்கிருந்து கீழே விழாமல், நுனியைச் சுற்றி அடிப்பக்கமாகத் திரும்பி, மூக்கோடு ஒட்டியபடியே ஓடி, ஸ்டிக்கரை நனைத்து, பெரியப்பாவின் மடியில் இறங்கியது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சொட்டு சிந்தவில்லைதான், ஒழுகியது ஒரு குழிக்கரண்டி எண்ணெய். அதில் ஊறிய ஸ்டிக்கர், கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுவதுபோல மெதுவாகக் கழன்று வந்தது.

வேறு யாராக இருந்தாலும் வேட்டியைப் பார்த்திருப்பார்கள். பெரியப்பா மூக்கைப் பார்த்தார். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரின் மடியில் எண்ணெய் கொட்டினால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. "அசையாதே, இன்னும் ஒரு தடவை இதே வேகத்தில் ஊற்று" என்றார்.

இதற்குத் தேநீர்க்கெண்டி விளைவு என்று பெயராம். 1956இல் மார்க்கஸ் ரெய்னர் என்பவர் இதைப் பற்றி எழுத, அடுத்த ஆண்டே ஜோசப் கெல்லர் என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டுக் காரணம் சொல்லிவிட்டார். மெதுவாக ஊற்றும்போது திரவம் விளிம்பை வளைத்துக்கொண்டு போகிறது. அந்த வளைவில் திரவத்துக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுவதால், காற்றே அதைப் பாத்திரத்தோடு சேர்த்து அழுத்துகிறது. சிரிக்க வைத்துவிட்டுப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கென்று தரப்படும் இக் நோபல் பரிசு, 1999இல் இந்த ஒழுகல் கணக்குக்காகக் கெல்லருக்கும் கிடைத்தது. அதே ஆண்டில், பிஸ்கட்டைத் தேநீரில் எவ்வளவு நேரம் தோய்க்கலாம் என்று ஆராய்ந்தவருக்கும் அது கிடைத்தது. இதைக் கேட்டதும் அத்தை எங்கள் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். டம்ளரின் அடியில் பிஸ்கட் கூழ் தேங்காத நாளே அவருக்கு இல்லை.

ஆனால் அழுத்தத்தோடு கதை முடியவில்லை. திரவம் அந்தப் பரப்பை நனைக்கிறதா என்பதும் முக்கியம் என்று 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தண்ணீர் ஒட்டாத பூச்சை விளிம்பில் பூசினால் ஒழுகலே நின்றுவிடுகிறது. இட்லியை மறந்துவிட்டுப் பெரியப்பா விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: பரப்பு இழுவிசை என்றால் திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை; தண்ணீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், சமையல் எண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை; ஆகவே தண்ணீர் முத்து முத்தாகத் திரளக்கூடிய இடத்தில்கூட எண்ணெய் படர்ந்துவிடும், அதிலும் இந்தக் கேனுக்கு விளிம்பு வேறு மொத்தையாக உருட்டி விடப்பட்டிருக்கிறது.

"பால் பாத்திரத்தின் விளிம்புக்கு அடியில் துளி வெண்ணெய் தடவினால் வழியாது என்று எங்கள் அம்மா சொல்லுவாள், அவளுக்கு யார் பரிசு கொடுத்தார்கள்?" என்று அத்தை கேட்டார். பெரியப்பா மகிழ்ந்துபோய், அதுவும் இதே தத்துவம்தான், ஆனால் எண்ணெய் வெண்ணெய்க்குப் பயப்படாது, அதை ஒரே வெட்டாக வேகமாகத்தான் ஊற்ற வேண்டும் என்றார். நம் முனைக்கடை டீ மாஸ்டர் ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றும்போது டம்ளரின் புறம் நனையாமல் இருப்பதும் அந்த வேகத்தினால்தான்.

இதற்குள் கறை தொடைவரை பரவியிருந்தது. பருத்தி இழைகளுக்கு இடையே எண்ணெய் நுண்புழைகளில் ஏறுவதை அவர் விவரித்துக்கொண்டிருக்கும்போதே, அத்தை திருநீற்று மரவையைக் கொண்டுவந்து மடியில் கவிழ்த்துவிட்டார். நுண்ணிய பொடியில் அத்தனை துகள்களுக்கும் தனித்தனிப் பரப்பு உண்டு. எண்ணெய் அந்த இடுக்குகளில் புகுந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் கரி இன்னும் பெரிய ஆள் என்றார் பெரியப்பா. அதற்கென்றே பதப்படுத்திய கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்புகூட உள்ளே மடிந்து கிடக்கலாமாம், அதன்மேல்தான் தண்ணீரில் உள்ள வேண்டாத வாடையெல்லாம் போய் ஒட்டுகிறதாம். அதுவரை குற்றவாளிபோல நின்ற எங்கள் வீட்டுக்காரர் மனக்கணக்குப் போட்டு, "ஏறக்குறைய நாலரை கிரவுண்டு" என்றார். நங்கநல்லூரில் நாலரை கிரவுண்டு என்ன விலை என்று பேச்சு திரும்பியதில் மணி பத்தாகிவிட்டது. பெரியப்பா மடியில் திருநீற்றுக் குன்றோடு எழவும் முடியாமல் இருந்தார். கடைசியில் எங்கள் வீட்டுக்காரரின் ஒட்டும் பட்டை வைத்த வேட்டியை, ஆண்பிள்ளை கட்டுகிற பொருளா இது என்ற முகத்தோடு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கை கழுவப் போன இடத்திலும் விடவில்லை. எண்ணெய்ப் பிசுக்குள்ள தண்ணீரின் பரப்பு எப்படி மாறுகிறது என்பதைப் பாத்திரம் கழுவும்போது கவனித்தே ஆராய்ந்தவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண்மணி என்று ஆரம்பித்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, உடல்நலமில்லாத பெற்றோரைக் கவனிக்கும் வேலை. அதற்கிடையே சமையலறையில் ஒரு தகரத் தொட்டி வைத்து அளந்திருக்கிறார். முடிவுகளை ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளருக்கு எழுத, அவர் பரிந்துரைத்து 1891இல் 'நேச்சர்' இதழில் அது வெளியாயிற்று. பின்னாளில் அந்தத் தொட்டியை இர்விங் லாங்மூர் மேம்படுத்தினார். பரப்பு வேதியியலுக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். தொட்டிக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

"பாத்திரம் தேய்த்தவள் ஒருத்தி, பரிசு வாங்கியவன் இன்னொருத்தனா?" என்றார் அத்தை. எதற்கும் பதில் வைத்திருக்கும் பெரியப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அந்தக் கோபத்தில், இன்றைக்குப் பாத்திரம் ஆண்கள்தான் தேய்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. எங்கள் வீட்டுக்காரர் அரை பாட்டில் திரவ சோப்பைச் சரித்து, முழங்கைவரை நுரையோடு நின்று, பரப்பு இழுவிசை எப்படிக் குறைகிறது பார் என்று கூவினார். குறைந்தது உண்மைதான். தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் சோப்பின் எலுமிச்சை வாடை போகாமல் இருந்ததால், அத்தனையையும் மறுபடி அலசி எடுக்க எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது.