ரிசீவருக்குப் போகிற வழியில் காணாமல் போன வோல்ட்

என்னிடம் இருப்பது ரிமோட்டில் பறக்கும் 500 அளவு மின்சார ஹெலிகாப்டர். பேட்டரியோடு சேர்த்தால் 1.5 கிலோவைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்தி எதுவானாலும் 2020 ஜனவரி முதல் பதிவு செய்தாக வேண்டும். 1.5 கிலோவுக்கு மேல் போனால், பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவரும் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இந்தக் கெடுபிடியில் எனக்கு முழுச் சம்மதம்தான். இந்த அளவு ஹெலிகாப்டரின் சிறகு நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நொடி கட்டுப்பாடு போனாலும் அது பொம்மையாக இருக்காது.

அந்த ஒரு நொடிதான் எனக்குப் போனது. இறங்குவதற்கு முன் ரிமோட்டின் குச்சியை வேகமாக மேலும் கீழும் ஆட்டியபோது ஹெலிகாப்டர் லேசாகத் தோளைக் குலுக்கியது. அப்புறம் எந்தக் கட்டளையையும் ஏற்கவில்லை. மோட்டார் நின்றது. நல்லவேளை, புல்லிலிருந்து முழ உயரத்தில்தான் இருந்தது. தொப்பென்று உட்கார்ந்ததில் கால் கம்பி மட்டும் வளைந்தது. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் சர்வோக்கள் (சிறகையும் வாலையும் அசைக்கும் சின்ன மோட்டார்கள்) எல்லாம் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்துகொண்டிருந்தன.

திடலில் இருந்தவர்கள் உடனே வைஃபையைச் சொன்னார்கள். சுற்றிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகள், வீட்டுக்கு வீடு வைஃபை, நம்முடைய ரேடியோவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைய ரேடியோக்கள் நெரிசலைச் சமாளிக்கும் விதத்தில்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. கண்ணெதிரே முப்பது அடிக்குள் நிற்கும் ஹெலிகாப்டரை வைஃபை விழுங்குவது எளிதில்லை. எங்களோடு பறக்கவிடும் மூத்த அண்ணன் ஒருவர், விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குனிந்து, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரைப் பார்த்தார்.

"வைஃபைய விடுப்பா. லைட்டு என்ன சொல்லுதுன்னு பாரு."

ரிசீவரின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. என் ரிசீவரில் மின்சாரம் அறுந்து மறுபடி வந்திருந்தால்தான் அப்படிச் சிமிட்டும். சிக்னல் மட்டும் போயிருந்தால் சிமிட்டாது. கேள்வி அங்கேயே பாதி சுருங்கிவிட்டது. பறந்துகொண்டிருக்கும்போதே ரிசீவர் பட்டினி கிடந்து, அணைந்து, மீண்டும் எழுந்திருக்கிறது. பழைய எஃப்எம் ரிசீவர்கள் வோல்ட் குறைந்தால் கொஞ்சம் தள்ளாடும், அவ்வளவுதான். இப்போதுள்ளவற்றில் சின்னக் கணினியே இருக்கிறது. என் ரிசீவருக்குக் குறைந்தபட்சம் 3.5 வோல்ட் வேண்டும். மில்லி நொடிக் கணக்கில் அதற்குக் கீழே போனாலும் முதலிலிருந்து தொடங்கும்.

என் ஹெலிகாப்டரில் மின்சாரம் போகும் பாதை இது: 2எஸ் லிப்போ (இரண்டு செல் லித்தியம்) பேட்டரி, அதிலிருந்து நிலையாக 6 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர், அங்கிருந்து ஒரு தள்ளு சுவிட்ச், சுவிட்சிலிருந்து ஒற்றை சர்வோ வயர் வழியாக ரிசீவர். சிறகின் சாய்வை மாற்றும் தட்டை அசைக்கும் மூன்று சர்வோக்கள், வாலுக்கு ஒன்று, ஆட்டத்தை உணர்ந்து நிலைப்படுத்தும் கைரோ யூனிட் எல்லாமே அந்த ஒரு வயரில்தான் சாப்பிடுகின்றன. டிஜிட்டல் சர்வோ சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. நான்கும் ஒரே நேரத்தில் சுமையை எதிர்த்துத் திரும்பினால் ஆளுக்கு இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சோதனையைத் தொடங்கினேன். முதல் வேலை, மோட்டாரின் மூன்று வயர்களையும் கழற்றியது. இதைச் செய்யாமல் மேசையில் யாரும் பேட்டரி செருகவே கூடாது. ரிசீவரில் காலியாக இருந்த ஒரு சேனலில் மல்டிமீட்டரை வைத்தேன். 5.83 வோல்ட். நிறையப் பேர் இந்த எண்ணைப் பார்த்ததும் "பவர் நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவைத்துவிட்டு, புது ரிசீவர் வாங்கக் கடைக்குப் போய்விடுவார்கள். சும்மா நிற்கும் ஹெலிகாப்டரில் அளந்த வோல்ட்டுக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்பது என் கருத்து. சுமை கொடுத்துத்தான் அளக்க வேண்டும்.

மகன் சர்வோ கைகளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு குச்சிகளையும் கலக்கினேன். மீட்டர் 4.8க்கு இறங்கியது. மல்டிமீட்டர் மெதுவானது, சராசரியைத்தான் காட்டும். உண்மையான பள்ளம் இன்னும் ஆழமாகத்தான் இருக்கும். அண்ணன் வீட்டில், வோல்ட்டின் நொடிப்பொழுது ஏற்ற இறக்கத்தையும் திரையில் வரைந்து காட்டும் பழைய ஆசிலோஸ்கோப் ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய் அதே சோதனையைச் செய்தபோது, சில மில்லி நொடிகளுக்கு 3.6 வரை கூர்மையாக இறங்கும் பள்ளங்கள் திரையில் தெரிந்தன. மேசையிலேயே இப்படி என்றால், காற்றின் சுமையோடு 3.5க்குக் கீழே போனதில் வியப்பே இல்லை.

சரி, ரெகுலேட்டர்தான் திருடன் என்று முடிவுகட்டத் தோன்றும். அண்ணன் விடவில்லை. "மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு முனையிலயும் அளந்து பாருப்பா" என்றார். கனெக்டரின் பின்பக்கம் மீட்டர் ஊசியைச் செருகி, அதே சுமையில் ரெகுலேட்டர் வாயிலிலேயே அளந்தோம். 5.97. அங்கே கிட்டத்தட்ட 6 வோல்ட், ஒரு சாண் தள்ளியிருக்கும் ரிசீவரில் 4.8. பேட்டரியும் ரெகுலேட்டரும் அந்த நிமிடமே குற்றமற்றவை ஆகிவிட்டன. 1.2 வோல்ட் அந்த ஒரு சாண் தூரத்துக்குள் எங்கேயோ காணாமல் போகிறது.

அடுத்து செய்ததுதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்தது. மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒரே சிவப்பு வயரில் வைத்தோம்: ஒன்று சுவிட்சுக்கு முன்னால், ஒன்று சுவிட்சுக்குப் பின்னால். நல்ல சுவிட்சாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். சும்மா இருந்தபோது மிகக் குறைவாகத்தான் காட்டியது. குச்சியைக் கலக்கியதும் 1 வோல்ட்டைத் தொட்டது. மீதி 0.2 கனெக்டர்களிலும் வயரிலும் போனது. அப்போது ஓடிய மின்சாரம் சுமார் 4 ஆம்பியர். 1 வோல்ட்டை 4 ஆம்பியரால் வகுத்தால் கால் ஓம். மீட்டரின் ஓம் அளவையில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் சாதாரண மீட்டரின் ஊசி வயரே அந்த அளவுக்குத் தடை கொண்டது. மின்சாரம் ஓடும்போது வோல்ட்டாக அளந்தால்தான் சிக்கும்.

இதற்கு நடுவே ஒரு நண்பர், ரிசீவரில், மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துவைக்கும் பெரிய கெபாசிட்டர் ஒன்றைச் செருகினால் போதும் என்றார். சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் சாமான்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 5 ஆம்பியர் இழுத்தால், 1 வோல்ட் இறங்குவதற்குள் ஏறக்குறைய 1 மில்லி நொடிதான் தாங்கும். மிகக் குறுகிய பள்ளத்தை நிரப்பும். சில மில்லி நொடி நீளும் பள்ளத்தை நிரப்பாது. கெடுதல் இல்லை, இப்போது நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் காரணத்தைத் தேடாமல் அதைச் செருகியிருந்தால், நோய் மறைந்திருந்து இன்னும் உயரத்தில் இருக்கும்போது தாக்கியிருக்கும்.

கழற்றிய சுவிட்சைத் திறந்து பார்த்தோம். உள்ளே சறுக்கும் செப்புத் தகட்டில், தொடும் இடம் மட்டும் கறுத்துப்போயிருந்தது. ஆண்டு முழுதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊர் இது. அதோடு ஹெலிகாப்டரின் ஓயாத அதிர்வு. அதிர்வில் தொடும் இடம் நுண்ணியதாக உரசிக்கொண்டே இருக்கும். உரசித் தேய்ந்த இடத்தில் ஆக்சைடு படியும், அதன்மேல் மறுபடி உரசல். செருகிக் கழற்றும் கனெக்டர்களிலும் இதே கதைதான்.

சுவிட்சை மொத்தமாக எடுத்துவிட்டேன். ரெகுலேட்டரிலிருந்து தடித்த வயர் இரண்டு, புதுக் கனெக்டர்களோடு, ரிசீவரின் இரண்டு வெவ்வேறு வாயில்களுக்குப் போகின்றன. சுமை பாதிப்பாதியாகப் பிரிகிறது. அணைக்க வேண்டுமானால் பேட்டரி பிளக்கை உருவிவிடுகிறேன். சுவிட்ச் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு மின்னணு சுவிட்ச் இருக்கிறது. சுவிட்ச் பகுதி அறுந்துபோனாலும் மின்சாரம் தொடரும் வகையைத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள்ளேயே பிஈசி (ரிசீவருக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர்) இருந்தால், அதிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு வயரைக் கழற்றி ஒட்டி வைத்துவிடுங்கள். தனி ரெகுலேட்டரும் அதுவும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளக் கூடாது.

வால் சர்வோ சும்மா நிற்கும்போதே ரீங்காரம் இடுவதும் மேசையில்தான் காதில் விழுந்தது. தள்ளு கம்பி அதன் வளையத்தில் இறுகியிருந்தது. வளையத்தைத் தளர்த்தியதும் சத்தம் நின்றது, வீணாகப் போன மின்சாரமும் நின்றது.

பழைய சோதனையையே திரும்பச் செய்தபோது, சுமையில் ரிசீவரில் 5.8 வோல்ட். ஆசிலோஸ்கோப்பில் மிக ஆழமான பள்ளமே 5.4தான். பிறகு, பறக்கும்போதே வோல்ட்டை ரிமோட்டுக்கு அனுப்பும் டெலிமெட்ரியில் 5.2க்கு எச்சரிக்கை ஒலி வைத்துப் பறக்கவிட்டேன். எத்தனை முரட்டுத்தனமாக ஆட்டியும் அது ஒலிக்கவில்லை. ஒவ்வொரு முறை இறங்கியதும் அன்றைய குறைந்தபட்ச வோல்ட்டைப் பார்க்கிறேன். அது மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தால், கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அண்ணன் தன் 600 அளவு ஹெலிகாப்டரிலும் அதே இரண்டு இடங்களில் ஊசி வைத்துப் பார்த்தார். அதில் அரை வோல்ட் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கே கழற்றிவிட்டார்.